ஐம்பது பேர், ஒரே கவுன்: சொல்லாமல் மறைத்த காசும் சிறு வணிகர்களும்

2015 மார்ச் 27, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவில் இன்ஸ்டாகிராமில் ஃபேஷன் பக்கங்களைப் பின்தொடர்ந்தவர்களுக்கு அன்றும் மறுநாளும் ஒரே உடை திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. நம் ஊரில் மாங்காய் டிசைன் என்போமே, அந்த அச்சுப் போட்ட கவுன். படம் போட்டவர்கள் எல்லாம் வெவ்வேறு ஆட்கள். ஒவ்வொருவரும் அதைத் தனக்குப் பிடித்த மாதிரி உடுத்தியிருந்தார்கள். பார்த்தவர்களுக்கு என்ன தோன்றியிருக்கும்? "அட, எல்லாருக்கும் இதுதான் பிடித்திருக்கிறது போல" என்றுதான்.

அப்படிப் படம் போட்டவர்கள் ஐம்பது பேர். அவர்களுக்கு அந்த உடை இலவசமாக வந்திருந்தது. அதோடு ஆளுக்கு 1,000 முதல் 4,000 டாலர் வரை பணமும் கொடுக்கப்பட்டிருந்தது. கொடுத்தது லார்ட் அண்ட் டெய்லர் என்ற நிறுவனம். நியூயார்க்கில் 1826இல் தொடங்கிய, அமெரிக்காவின் மிகப் பழைய பெருங்கடைகளில் ஒன்று. இளம்பெண்களுக்காக டிசைன் லேப் என்ற புது ஆடை வரிசையை அப்போது இறக்கியிருந்தார்கள். அதை ஊரறியச் செய்யத்தான் இந்த ஏற்பாடு. இதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் "ப்ராடக்ட் பாம்". ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் வெடிக்க வேண்டும் என்பது திட்டம்.

ஒப்பந்தத்தில் என்ன இருந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். உடையை எப்படி வேண்டுமானாலும் உடுத்தலாம், அது அவரவர் விருப்பம். ஆனால் கடையின் இன்ஸ்டாகிராம் பெயரைக் குறிப்பிட வேண்டும், டிசைன் லேப் என்ற ஹேஷ்டேக் போட வேண்டும். பதிவு வெளியே போகும் முன் கடை பார்த்து ஒப்புதல் தரும். சில பதிவுகளில் வாசகத்தைக் கடையே திருத்தியும் கொடுத்தது. ஹேஷ்டேக் வரை கவனமாக எழுதிய அந்த ஒப்பந்தத்தில், "இதற்குப் பணம் வாங்கினேன் என்று சொல்ல வேண்டும்" என்ற ஒரு வரி இல்லை. ஐம்பது பேரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஒப்புதல் கொடுத்த கடைக்காரர்களும் எந்தப் பதிவிலும் அந்த வரியைச் சேர்க்கவில்லை.

இது போதாதென்று நைலான் என்ற ஃபேஷன் பத்திரிகையிலும் டிசைன் லேப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. பத்திரிகையின் இன்ஸ்டாகிராம் பக்கத்திலும் அதே கவுனின் படம். இரண்டுக்கும் காசு கொடுத்தது லார்ட் அண்ட் டெய்லர். வெளிவரும் முன் படித்துப் பார்த்து ஒப்புதல் கொடுத்ததும் அவர்களே. படிப்பவர் கண்ணுக்கு அது ஆசிரியர் குழு எழுதிய கட்டுரை மாதிரிதான் இருந்தது.

இரண்டே நாளில் அந்தப் பதிவுகள் 1 கோடியே 14 லட்சம் பேரைச் சென்றடைந்தன. லைக், கமெண்ட், மறுபகிர்வு எல்லாம் சேர்த்து 3,28,000. கவுன் விற்றுத் தீர்ந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐம்பது பேருக்கும் அதிகபட்சத் தொகையே கொடுத்திருந்தாலும் மொத்தம் 2 லட்சம் டாலர். ஒரு ஆளைச் சென்றடைய ஆன செலவு 2 சென்ட்டைக்கூடத் தொடவில்லை. அந்தக் காசுக்கு அவர்கள் வாங்கியது விளம்பர இடத்தை அல்ல. ஒரு தோழி "இதை வாங்கிப் பாரேன்" என்று சொல்லும்போது நமக்குள் வரும் நம்பிக்கை இருக்கிறதே, அதைத்தான் வாங்கினார்கள்.

யாருக்கு நஷ்டம்?

அமெரிக்காவில் இந்த மாதிரி விஷயங்களைக் கவனிப்பது ஃபெடரல் டிரேட் கமிஷன், சுருக்கமாக எஃப்.டி.சி. பரிந்துரை செய்பவருக்கும் பொருளை விற்பவருக்கும் இடையில் பணம், இலவசப் பொருள், வேலை, உறவு என்று ஏதாவது தொடர்பு இருந்து, அது தெரிந்தால் கேட்பவர் அந்தப் பரிந்துரையை வேறு மாதிரி எடைபோடுவார் என்றால், அதை வெளியில் சொல்லியாக வேண்டும். இதுதான் அவர்களுடைய நெறிமுறையின் சாரம். 1980இல் வந்த நெறிமுறை, வலைப்பூக்கள் பெருகிய பிறகு 2009இல் திருத்தப்பட்டது. 2023இல் மறுபடியும் திருத்தினார்கள்.

லார்ட் அண்ட் டெய்லர் மீது எஃப்.டி.சி. எடுத்த வழக்கு 2016 மார்ச்சில் சமரசத்தில் முடிந்தது. அபராதம் எதுவும் இல்லை. இனி இப்படிச் செய்யக் கூடாது, காசு வாங்கிப் பரிந்துரைப்பவர்கள் அதைத் தெளிவாகச் சொல்கிறார்களா என்று கண்காணிக்க ஒரு ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்பதுதான் உத்தரவு. என் கருத்தில் இது ரொம்பவும் மென்மையான முடிவு. கவுன் விற்ற காசு கல்லாவில் அப்படியே இருந்தது.

வழக்கில் ஏமாந்தவர் என்று பேசப்பட்டது வாடிக்கையாளர். அது சரிதான். ஆனால் அதே வெள்ளி, சனியில் நஷ்டப்பட்ட இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் எந்த மனுவிலும் வரவில்லை. அதே வயதுப் பெண்களுக்கு உடை தைத்து விற்கும் சிறு கடைக்காரர்கள். இரண்டு தையல் மெஷினும் ஒரு இன்ஸ்டாகிராம் பக்கமும் வைத்திருப்பவர்கள். அவர்களிடம் உடை வாங்கியவர் உண்மையிலேயே பிடித்துப்போய், காசு எதுவும் வாங்காமல், தானாக ஒரு படம் போட்டிருப்பார். அந்த ஒரு படமும் காசு கொடுத்துப் போட வைத்த ஐம்பது படங்களும் திரையில் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. எது தானாக வந்த சொல், எது விலைக்கு வந்த சொல் என்று பார்ப்பவருக்குப் பிரித்தறிய வழியே இல்லை.

சிறு வணிகத்தின் பிடி இங்கேதான் இருக்கிறது. பெரிய கடைக்கு டிவி இருக்கிறது, ஹோர்டிங் இருக்கிறது, நடிகர் இருக்கிறார். சின்னக் கடைக்கு இருப்பது வாய்ச்சொல் ஒன்றுதான். "அந்தக் கடையில் வாங்கு, நல்லா இருக்கும்" என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்வது. காசு கொடுத்து வாங்க முடியாத சொல் என்பதால்தான் அதற்கு மதிப்பு. பெரிய நிறுவனம் அதே சொல்லைக் காசு கொடுத்து வாங்கி, வாங்கியதை மறைத்துவிட்டால், சின்னக் கடைக்காரரின் ஒரே முதலீடும் கள்ளநோட்டுப் புழங்கும் சந்தையில் இருக்கும் நல்ல நோட்டு மாதிரி ஆகிவிடுகிறது. நல்ல நோட்டை நீட்டினாலும் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்.

பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் பழைய கார் சந்தையை வைத்து இதை விளக்கினார். எந்தக் கார் நல்லது, எது ஓட்டை என்று வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் எல்லாக் காருக்கும் சேர்த்து ஒரு நடுத்தர விலைதான் கொடுப்பார். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவருக்குக் கட்டுப்படியாகாது, அவர் சந்தையை விட்டு விலகிவிடுவார். கடைசியில் மிஞ்சுவது ஓட்டைக் கார்கள். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பரிந்துரைகளும் இதே மாதிரிதான் என்று நினைக்கிறேன். எதை நம்புவது என்று தெரியாதபோது மக்கள் எல்லாவற்றையும் பாதி நம்புவார்கள். அந்தப் பாதி நம்பிக்கையில் பிழைத்துக்கொள்ள முடிவது, ஐம்பது பேரை ஒரே நாளில் இறக்க முடிந்தவருக்கு மட்டும்தான். உண்மையாகப் பாராட்டப்பட்ட சின்னக் கடை அதில் காணாமல் போகும்.

அதனால்தான் "இது விளம்பரம்" என்று எழுதச் சொல்லும் விதியை நான் நுகர்வோர் விதியாக மட்டும் பார்க்கவில்லை. காசு கொடுத்த ஐம்பது படங்களில் அந்தச் சொல் ஒட்டியிருந்தால், ஒட்டாத அந்த ஒரு படம் தனியாகத் தெரியும். சின்னக் கடைக்காரர் எதுவுமே செய்யாமல் அவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு அது.

மூன்று கணக்கு, மூன்று பெயர்

அடுத்த வழக்கில் இன்ஃப்ளூயன்சர்கூட இல்லை, அதாவது நிறையப் பேர் பின்தொடரும் ஆள் என்று யாரும் இல்லை. சண்டே ரைலி என்ற அழகுசாதன நிறுவனம். நிறுவனர் பெயரே நிறுவனத்தின் பெயர். செஃபோரா என்ற பெரிய கடையின் இணையதளத்தில் இவர்களுடைய பொருள்கள் விற்றன. கீழே வாடிக்கையாளர் விமர்சனங்கள். 2015 கடைசியிலிருந்து 2017 ஆகஸ்ட் வரை அந்த விமர்சனங்களில் ஒரு பகுதியை எழுதியது நிறுவனத்தின் ஆட்களே, மேலாளர்கள் உட்பட. 2016 ஜூலையில் நிறுவனரே ஊழியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார்: ஆளுக்கு மூன்று கணக்கு தொடங்குங்கள், மூன்றும் வெவ்வேறு பெயரில் இருக்கட்டும். எங்கிருந்து எழுதுகிறோம் என்று தெரியாமல் இருக்க விபிஎன் போட்டுக்கொள்ளச் சொல்லி வழிமுறையும் வந்தது. யாராவது குறை சொல்லி எழுதினால் அதற்கு "டிஸ்லைக்" போடுங்கள், போதுமான டிஸ்லைக் விழுந்தால் அது நீக்கப்படும் என்றும் சொல்லப்பட்டது.

அந்த அலமாரியில் அடுத்த இடத்தில் இருந்த க்ரீமை நினைத்துப் பாருங்கள். ஒருவேளை அதுவும் நல்ல பொருள்தான். அதைச் செய்தவர் தன் ஊழியர்களைப் பொய் எழுதச் சொல்லவில்லை. அந்த நேர்மைக்கு அவருக்குக் கிடைத்தது குறைவான நட்சத்திரங்கள்.

2019 அக்டோபரில் இந்த வழக்கும் அபராதம் இல்லாமலே சமரசமானது. எஃப்.டி.சி.யின் ஐந்து ஆணையர்களில் ரோஹித் சோப்ரா, ரெபெக்கா ஸ்லாட்டர் இருவரும் இதை எதிர்த்து வாக்களித்தார்கள். இப்படி முடித்தால் அடுத்தவர் பயப்பட மாட்டார், பொய் விமர்சனம் தவறு செய்பவருக்குப் பரிசாகவும் நேர்மையான நிறுவனங்களுக்குத் தண்டனையாகவும் முடிகிறது என்பது அவர்கள் வாதத்தின் மையம். நேர்மையான போட்டியாளரின் நஷ்டத்தை ஒரு ஆணையர் வெளிப்படையாக எழுத்தில் வைத்ததைப் படித்தபோது எனக்கு மனசு நிறைந்தது. ஐந்து வருடம் கழித்து, 2024 ஆகஸ்டில், எஃப்.டி.சி. பொய் விமர்சனங்களுக்கு எதிராகத் தனி விதியே கொண்டுவந்தது. அக்டோபர் 21 முதல் அது நடைமுறைக்கு வந்தது. தெரிந்தே மீறினால் ஒரு மீறலுக்கு 51,744 டாலர் வரை அபராதம் கேட்க முடியும் என்ற நிலை அப்போதுதான் வந்தது. நிறுவனத்தின் ஆள், தான் யார் என்று சொல்லாமல் விமர்சனம் எழுதுவதும் அந்தத் தடையில் அடக்கம்.

சின்னவர்களும் மாட்டினார்கள்

இதை மறைக்கக் கூடாது. விதி பெரியவர்களை மட்டும் பிடிக்கவில்லை. ஃபுளோரிடாவில் டீமி என்ற தேநீர் நிறுவனம், லார்ட் அண்ட் டெய்லருக்குப் பக்கத்தில் வைத்தால் குட்டிக் கடை. உடல் எடை குறையும் என்றதில் தொடங்கி புற்றுநோயை எதிர்க்கும் என்பது வரை ஆதாரமில்லாமல் சொன்னார்கள். பிரபலங்களுக்குப் பணம் கொடுத்து இன்ஸ்டாகிராமில் பேச வைத்தார்கள். 2018இல் எஃப்.டி.சி. எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. டீமியும் "காசு வாங்கியதைச் சொல்ல வேண்டும்" என்று ஒரு கொள்கை எழுதி வைத்துக்கொண்டது. ஆனால் நடந்தது வேறு.

இந்த இடத்தை போனைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் புரியும். இன்ஸ்டாகிராமில் படத்துக்குக் கீழே முதல் இரண்டு மூன்று வரிதான் தெரியும். அதற்கு அப்புறம் "மோர்" என்று ஒரு சின்னச் சொல். அதைத் தட்டினால்தான் மீதி விரியும். "டீமி எனக்குப் பணம் தந்தது" என்ற தகவல் அந்த மோர் என்ற சொல்லுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. படத்தைப் பார்த்து விரலால் மேலே தள்ளிக்கொண்டு போகும் ஒருவருக்கு அது இல்லாததற்குச் சமம். மோருக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள் என்று 2017லேயே தொண்ணூறுக்கும் மேற்பட்ட இன்ஃப்ளூயன்சர்களுக்கும் நிறுவனங்களுக்கும் எஃப்.டி.சி. கடிதம் அனுப்பியிருந்தது. 2020 மார்ச்சில் டீமி மீதான தீர்ப்புத் தொகை 1.52 கோடி டாலர். கட்ட வசதியில்லாததால் 10 லட்சம் டாலர் கட்டியதும் மீதி நிறுத்திவைக்கப்பட்டது.

சின்ன நிறுவனத்தை இப்படி நெருக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 2009இல் நெறிமுறை திருத்தப்பட்டபோதே, வலைப்பூவில் ஒரு பொருளைப் பற்றி எழுதினால் 11,000 டாலர் அபராதம் என்று வதந்தி பரவியது. அது உண்மையில்லை, அந்த நெறிமுறையில் அப்படி ஒரு அபராதமே இல்லை என்று எஃப்.டி.சி. விளக்க வேண்டியிருந்தது. விதியைக் கேட்டதும் சிறு வணிகருக்குப் பயம் வருவது இயல்புதான். ஆனால் செலவைக் கணக்குப் பாருங்கள். ஐம்பது பேரைக் கூலிக்கு வைத்தவர்தான் ஐம்பது பேரையும் கண்காணிக்க ஆள் போட வேண்டும். ஒரே ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு பாட்டில் இலவசமாகக் கொடுத்தவருக்குச் செலவு ஒரு சொல். மறைப்பதற்கு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் இந்த விதியின் பாரம்.

நம் ஊர் விதி

இந்தியாவிலும் இது வந்துவிட்டது, பலருக்கு இன்னும் தெரியவில்லை. விளம்பரத் துறையின் சுயக் கட்டுப்பாட்டு அமைப்பான ஏ.எஸ்.சி.ஐ., இன்ஃப்ளூயன்சர்களுக்கான நெறிமுறையை 2021 ஜூன் 14 முதல் நடைமுறைப்படுத்தியது. 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தவறான விளம்பரங்களுக்கு எதிரான வழிகாட்டுதல்களை அறிவித்தது. 2023 ஜனவரி 20 அன்று இன்ஃப்ளூயன்சர்களுக்கும் பிரபலங்களுக்கும் தனிக் கையேடு வந்தது. பணம் மட்டுமல்ல, இலவசப் பொருள், ஹோட்டல் தங்கல், தள்ளுபடி, குடும்ப உறவு எல்லாமே சொல்லப்பட வேண்டிய தொடர்புதான். வீடியோ என்றால் எழுத்திலும் வர வேண்டும், பேச்சிலும் வர வேண்டும். ஹேஷ்டேக் கூட்டத்துக்கு நடுவில் ஒளித்து வைக்கக் கூடாது.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்த வரி, பரிந்துரை எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியிலேயே அறிவிப்பும் இருக்க வேண்டும் என்பது. பத்து நிமிஷம் தமிழில் பேசிவிட்டு ஓரத்தில் ஆங்கிலத்தில் "பெய்டு" என்று பொடி எழுத்தில் போட்டால் போதாது. "இது விளம்பரம்" என்று தமிழில் வர வேண்டும்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொய்யான அல்லது திசைதிருப்பும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை. பரிந்துரைத்தவருக்கு ஒரு வருடம் வரை தடை, தொடர்ந்தால் மூன்று வருடம் வரை. அப்புறம் இன்னொன்று. பொதுவாக நுகர்வோரைப் பாதிக்கும் இப்படிப்பட்ட விளம்பரம் பற்றி டெல்லிக்குத்தான் எழுத வேண்டும் என்றில்லை. மாவட்ட ஆட்சியருக்கே எழுதலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. கலெக்டர் ஆபீசில் மனு கொடுப்பது நமக்குப் புதிதா என்ன?

எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் பொள்ளாச்சிப் பக்கம் மரச்செக்கு வைத்திருக்கிறார். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய். பாக்கெட் எண்ணெயைவிட விலை கூடுதல்தான், அதனால் வாங்கிப் பழகியவர் சொன்னால்தான் புதியவர் வருவார். ஒருநாள் நான் அங்கே இருக்கும்போது ஒரு தம்பி வந்தான். உணவு வீடியோ போடுகிறவன், கொலாப் பேச வந்திருந்தான்.

"ஒரு ரீல் போட்டுக் குடுத்தர்றேங்ணா. பாட்டி காலத்து எண்ணெய்னு பேசிக்கலாம். ஆனா விளம்பரம்னு மட்டும் போட மாட்டேங்ணா. போட்டா ரீச் போயிரும்."

அண்ணன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "ஏந்தம்பி, அந்தப் பெரிய கம்பெனி எண்ணெய்க்கும் இப்படித்தான் போட்டியா?"

அவன் சிரித்தான், பதில் சொல்லவில்லை.

"அப்போ உன் வீடியோவுல நானும் அவங்களும் ஒண்ணுதானுங்களே தம்பி."

நான் இந்த வழக்குகளையெல்லாம் படிக்கத் தொடங்கியது அந்தக் கேள்விக்கு அப்புறம்தான். ரீச் குறையும் என்று அந்தத் தம்பி சொன்னது பொய்யில்லை, குறையலாம். ஆனால் விதி இருப்பதால்தான் அண்ணனால் "வேண்டாம், போட்டால் சொல்லிப் போடு" என்று நிமிர்ந்து சொல்ல முடிந்தது. அவருடைய பிடிவாதம் என்ற பெயர் வராமல், சட்டம் என்ற பெயரில் அது நின்றது. எதிர்க் கடைக்காரரும் அதே தம்பியிடம் போனால் அதே சொல்லைப் போட்டாக வேண்டும். சின்னவர் நேர்மையாக இருந்தால் அவருக்கு மட்டும் நஷ்டம் என்ற நிலை அங்கேதான் மாறுகிறது. எல்லோரும் ஒழுங்காக மதிக்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். என் போனில் வரும் ரீல்ஸ்களில் விளம்பரம் என்று தமிழில் சொல்பவர்கள் இன்னும் குறைவுதான். மனு கொடுக்க நாம் தயங்கும்வரை அது மாறாது.

அந்தத் தம்பி கிளம்பிப் போய்விட்டான். ஒரு மாதம் கழித்து, அங்கே வழக்கமாக எண்ணெய் வாங்கும் ஒரு டீச்சர் தன் பக்கத்தில் போடுவதாகச் சொன்னார். சமையல் குறிப்புப் போடுவார், பின்தொடர்பவர்கள் இரண்டாயிரம் பேர் இருக்கலாம். அண்ணன் மூன்று லிட்டர் கொடுத்தார், ஒரே ஒரு நிபந்தனையோடு. வீடியோ தொடங்கியதும் திரையில் தமிழில் "விளம்பரம்" என்று பெரிதாக வந்தது. டீச்சர் கேமராவைப் பார்த்து, "இந்த வீடியோவுக்காக மூணு லிட்டர் எண்ணெய் இலவசமா குடுத்தாங்க. ஆனா நான் நாலு வருஷமா காசு குடுத்துத்தான் இங்க வாங்கறேன்" என்றார். அப்புறம்தான் தாளிக்க ஆரம்பித்தார்.

அடுத்த வாரம் நான் போனபோது, கிணத்துக்கடவிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா கல்லாவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். "டீச்சருக்கு மட்டும் மூணு லிட்டர் சும்மா குடுத்தீங்களாமே, எங்களுக்கெல்லாம் இல்லீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். அண்ணன் டின்னைத் திறந்து, அவர் உள்ளங்கையில் நாலு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, "மோந்து பாருங்கம்மா" என்றார். அந்த அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு ஒரு லிட்டர் அளக்கச் சொன்னார்.